நெய்யூர் மீட் ஐயர்



மலருக்கு ஆளுக்கு ஒரு பெரியவங்க வாழ்க்கையை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில் தீர்மானம் போட்டப்போ ஜான்சி ராணி, முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசா எல்லாரையும் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் சார்லஸ் மீட் என்று பேர் கொடுத்தேன். கே.கே. நகரில் யாருக்கும் அவரைத் தெரியலை. நான் பிறந்து வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே மீட் ஐயர் என்றால் வயசானவங்க எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரப் பாதிரிமாரை அந்தக் காலத்தில் எங்க பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சவ. கேட்டதையும் படிச்சதையும் வைத்து என்னால் முடிந்த மட்டும் எழுதுறேன்.

மீட் 1792-ல் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டன் மிஷனரி சங்கம் என்ற அமைப்பு அவரை 1816-ல் இந்தியாவுக்கு அனுப்பியது. கூட வந்த மனைவி வழியிலேயே பினாங்கில் இறந்துபோனார். இருபத்தைந்து வயசில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு 1818 ஜனவரியில் குளச்சல் கரையில் இறங்கினார் மீட்.

இப்போ குமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்கு. அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. அந்தச் சீமையில் யார் என்ன உடுத்தலாம், எப்படி நடக்கலாம் என்று எல்லாத்துக்கும் சட்டம் இருந்தது. நாடார், சாம்பவர், புலையர் போன்ற சாதிகளைச் சேர்ந்தவங்க குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணிக் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் வைக்கணும். இதை முதல் முதலில் கேட்டபோது எனக்கு மற்ற எல்லாத்தையும் விட இதுதான் உறுத்தியது. இடுப்பில் குடம் வைக்கிறதில் கூடவா ஒருத்தருக்குப் பெருமை, ஒருத்தருக்குத் தடை? இதுக்கெல்லாம் மேலே, பெண்கள் மார்பை மூடிச் சீலை போடக் கூடாது. மேல்சாதிக்காரங்க முன்னாடி திறந்த மார்போடு நிற்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தாங்க. கூலி இல்லாமல் அரசாங்க வேலை செய்யணும், அதுக்குப் பேர் ஊழியம்.

அதோடு அடிமை முறையும் இருந்தது. 1836-ல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூர் ஜனத்தொகை சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் அடிமைகள். எட்டுப் பேரை நிற்க வைத்தால் அதில் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொந்தமான பொருள். நிலத்தோடு சேர்த்து விற்பாங்க, அடகு வைப்பாங்க.

மீட் வருவதற்கு முன்னாடியே அங்கே சபை இருந்தது என்பதையும் சொல்லணும். மயிலாடியில் சாம்பவர் குலத்து வேதமாணிக்கம் என்பவர் தஞ்சாவூர் போய்த் திரும்பி வந்து, தன் ஊருக்கு ஒரு போதகர் வேணும் என்று கேட்டு வாங்கினவர். அப்படி வந்தவர்தான் ஜெர்மனிக்காரரான ரிங்கல்தௌபே. 1809-ல் மயிலாடியில் கோயில் கட்டினாங்க. 1816-ல் ரிங்கல்தௌபே போய்விட்டார். அப்புறம் மீட் வரும் வரை சபையைக் கட்டிக் காத்தது வேதமாணிக்கம்தான். எங்க பக்கத்துச் சபையின் கதையை வெள்ளைக்காரர் பெயரில் தொடங்குறவங்க எப்பவும் இவரை விட்டுவிடுவாங்க.

மீட் நாகர்கோவிலில் குடியேறினார். ராணி கௌரி பார்வதி பாய் அப்போது ஆட்சியில் இருந்தார். பங்களாவும், பள்ளிக்கூடச் செலவுக்கு வயல் வாங்க 5,000 ரூபாயும் ராணி கொடுத்தார். சில காலம் மீட்டை நாகர்கோவில் கோர்ட்டில் ஜட்ஜாகவும் வைத்திருந்தாங்க. பாதிரியாருக்கு ஏன் இந்த வேலை என்று லண்டனில் ஆட்சேபம் வந்ததும் விட்டுவிட்டார். 1819 ஜனவரி 1-ந் தேதி பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார். அடுத்த வருஷமே அச்சுக்கூடம் வந்தது.

நாகர்கோவில் வந்த பிறகு ஜோஹன்னா என்பவரைக் கல்யாணம் பண்ணினார். தஞ்சாவூரில் மிஷன் வேலை பார்த்த ஹார்ஸ்ட் ஐயரின் மகள் அவர். 1819 டிசம்பரில் சார்லஸ் மால்ட் ஐயரும் மார்த்தா மால்ட் அம்மாவும் வந்து சேர்ந்தாங்க. இந்த இரண்டு அம்மாமாரும் செய்த காரியம் நம்ம குழுப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினாங்க. படிப்போடு கைத்தொழிலும் சொல்லிக் கொடுத்தாங்க. அதில் முக்கியமானது ரேந்தை. ரேந்தை என்றால் லேஸ். தலையணை மாதிரி ஒரு திண்டில் ஊசிகளைக் குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றி, அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுறது. கண்ணு வலிக்கும், முதுகு வலிக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் காசு. அதை வெள்ளைக்காரங்க வாங்கினாங்க, கப்பலில் வெளிநாட்டுக்கும் போச்சு.

அந்தக் காசில் என்ன நடந்தது தெரியுமா? அடிமைக் குடும்பத்துப் பெண்கள் ரேந்தை பின்னின கூலியைச் சேர்த்து வைத்து, தனக்கு என்று எஜமான் வைத்த விலையைத் தானே கொடுத்து விடுதலை வாங்கினாங்க. நாம வாரச் சந்தா கட்டி உள்கடன் வாங்கி அடகு வைத்த நகையை மீட்கிறோம். அவங்க சேமிப்பில் மீட்டது தன்னையே. எங்க பாட்டியும் ரேந்தை பின்னினவங்கதான். ஒரு முழம் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று நான் பார்த்திருக்கேன். ஒரு ஆளின் விலைக்கு எத்தனை முழம் பின்னியிருக்கணும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

இனி குப்பாயத்துக்கு வர்றேன். ரெசிடென்ட் மன்றோ 1814-ல் ஒரு உத்தரவு போட்டிருந்தார். கிறிஸ்தவர்களான பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்கள், மாப்பிளைப் பெண்கள் போல ஒரு சட்டை, அதாவது குப்பாயம், போட்டுக்கலாம் என்றது அது. மிஷன் வீட்டு அம்மாமார் குப்பாயம் தைக்கக் கற்றுக் கொடுத்தாங்க. பெண்கள் அதோடு நிற்கலை. நாயர் பெண்கள் போடுவது போல தோளில் சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தாங்க. அதுதான் மேல்சாதிக்காரங்களுக்குப் பொறுக்கலை. 1822-ல் கல்குளம் பக்கம் சந்தையில், வழியில், பெண்களின் துணியை இழுத்துக் கிழித்தாங்க. மீட் இதை விடாமல் மேலே எழுதினார். 1823-ல் பத்மநாபபுரம் கோர்ட்டில் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கொஞ்ச நாள் அடங்கி, 1827-லிருந்து மறுபடியும் தொடங்கியது. கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தாங்க. மீட்டையே கொல்லப் போறாங்க என்று பேச்சு வந்து, உதயகிரியில் இருந்த அவருக்குப் பாதுகாப்பாகப் பட்டாளத்தை அனுப்ப வேண்டியதாப் போச்சு.

1829 பிப்ரவரி 3-ல் அரசாங்கம் விளம்பரம் போட்டது. குப்பாயம் போடலாம், தோள்சீலை போடக் கூடாது. இது பாதி வெற்றிதான். வாங்கினது வரைக்கும் லாபம் என்று சிலர் இருந்தாங்க. ஆனால் பல பெண்கள் சீலையை விடவே இல்லை. அடி வாங்கியும் விடலை. இந்தப் போராட்டத்தை மீட் ஐயர் நடத்தினார் என்று சில புத்தகங்களில் எழுதுறாங்க. எனக்கு அது சரியாத் தோணலை. மனு எழுதினது அவர், கோர்ட்டுக்குப் போனது அவர். சந்தை நடுவில் சீலையோடு நின்றது எங்க ஊர்ப் பெண்கள்.

1828-ல் மீட் நெய்யூருக்குக் குடி வந்தார். அங்கே இருந்து சுற்றுக் கிராமம் எல்லாம் நடந்தும் மஞ்சலிலும் போய்ச் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் உண்டாக்கினார். 1838-ல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற டாக்டர் வந்து நெய்யூரில் வைத்தியம் தொடங்கினார். அந்த நெய்யூர் ஆஸ்பத்திரி இன்னும் இருக்கு. 1847-ல் மிஷனரிமார் சேர்ந்து அடிமை முறையை ஒழிக்கணும் என்று மகாராஜாவுக்கு மனு கொடுத்தாங்க. முதலில் 1853-லும் பிறகு 1855-லும் விளம்பரம் வந்து அடிமை முறை சட்டப்படி முடிந்தது.

இது வரைக்கும் எழுதினால் ஒரு நல்ல மனுஷனின் கதை. நம்ம மலருக்கு இதுவே போதும் என்றுதான் நினைப்பாங்க. ஆனால் நான் மீட்டைத் தேர்ந்தெடுத்தது இதற்கு அடுத்து நடந்ததுக்காக.

கோயிலுக்குள்ளே வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று நாம நினைக்கிறோம். போகலை. வேப்பேரி, தஞ்சாவூர் போன்ற பழைய சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்தாங்க, திருவிருந்தைக் கூட மேல்சாதிக்காரங்க முதலில் வாங்கி மற்றவங்க அப்புறம் வாங்கினாங்க. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இனிமேல் சபையில் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். உடனே நம்ம சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நிறையப் பேர் கோவிச்சுக்கிட்டு விலகிட்டாங்க. 1850-ல் சென்னையில் மிஷனரிமாரின் மாநாடு ஒன்று நடந்தது. சாதியை விட்டேன் என்று சொல்கிறவங்க அதைச் செயலில் காட்டணும், தாழ்ந்த சாதி என்று சொல்லப்படுகிறவர் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும் என்று அதில் தீர்மானம் போட்டாங்க. ஏறக்குறைய எல்லா மிஷன்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுறது எப்பவும் சுலபம், அது நமக்கும் தெரியும்.

ஜோஹன்னா அம்மா 1848-ல் இறந்துபோனாங்க. முப்பது வருஷத்துக்குப் பக்கமாக எங்க ஊர்ப் பெண்களுக்குப் படிப்பும் தொழிலும் கொடுத்தவங்க. சில வருஷம் கழித்து, 1850-களின் தொடக்கத்தில், மீட் மூன்றாவது முறையாகக் கல்யாணம் பண்ணினார். பெண்ணின் பெயர் லோயிஸ் பிடல்ஃப். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரப் பெண் என்று நினைக்க வேண்டாம். சீமையில் இருந்து பணம் அனுப்புகிறவங்க பெயரை மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கிற வழக்கம் அப்போ இருந்தது. லோயிஸ் தமிழ்ப் பெண். பறையர் குடும்பத்தில் பிறந்தவர்.

ஊரே அதிர்ந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாதிரி கறுப்புத் தோல் பெண்ணைச் சட்டப்படி கல்யாணம் பண்ணுவதா என்று ஒரு பக்கம். அதிலும் அந்தச் சாதிப் பெண்ணையா என்று இன்னொரு பக்கம். சண்டை போட்டது தோள்சீலையைக் கிழித்த மேல்சாதிக்காரங்க இல்லை. கூடவே ஜெபம் பண்ணி, கூடவே மனு எழுதி, ஒரே மேஜையில் சாப்பிட்ட சக மிஷனரிமார்தான் எதிர்த்தாங்க. சபையில் இருக்கிற மற்ற சாதிக்காரங்க இதனால் மனம் நொந்து விலகிவிடுவாங்க என்று காரணம் சொன்னாங்க. வயசு வித்தியாசமும் பேச்சுக்கு வந்தது. மீட்டுக்கு அப்போ அறுபது வயசு. அதைப் பற்றி நானும் யோசிக்கத்தான் செய்தேன். நம்ம வீட்டுப் பெண்ணை அறுபது வயசுக்காரருக்குக் கொடுப்போமா என்று கேட்டால் கொடுக்க மாட்டோம். ஆனால் அதே மீட் ஐயர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டியிருந்தால் வேலை போயிருக்குமா? போயிருக்காது.

முப்பத்தைந்து வருஷம் உழைத்த சங்கத்தோடு அவருக்கு உறவு முடிந்தது. நெய்யூரை விட்டுப் போனார். அவர் கட்டின சபைகளுக்கு மேல் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லாமல் போச்சு.

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருது. நான் கல்யாணம் ஆகி இங்கே வந்த புதுசில் கே.கே. நகரிலும் அசோக் நகரிலும் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டம்மா ரொம்ப அன்பா உட்கார வைத்து, எந்த ஊர், என்ன சாமி கும்பிடுவீங்க, சமையல் சைவமா என்று ஒவ்வொன்றாக் கேட்டாங்க. நாங்க என்ன ஆளுங்க என்று நேராக் கேட்கலை, அவ்வளவுதான். காபி கொடுத்தாங்க, வீடு கொடுக்கலை. எங்க குழுவிலும் மாசம் ஒரு வீட்டில் கூட்டம் வைக்கிறோம். எம்.ஜி.ஆர். நகர், நெசப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை என்று பல இடத்துப் பெண்கள் இருக்கோம். சில வீட்டுக்கு முறை வரும்போது மட்டும் சிலருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் போகும். வங்கியில் பக்கத்தில் உட்காருவாங்க, கடனுக்கு ஜாமீன் கூடப் போடுவாங்க. அந்த வீட்டில் போய் ஒரு வாய் டீ குடிக்கிறது மட்டும் முடியாது. பேர் சொல்லலை, சொன்னால் மலர் அச்சாகாது. போன வருஷம் எங்க ஊக்குனர் அக்கா ஒரு ஏற்பாடு செய்தாங்க. கூட்டம் நடக்கிற வீட்டில்தான் அன்றைக்குச் சந்தா வாங்குவாங்க, வேற இடத்தில் வாங்க மாட்டாங்க, வராதவங்க அபராதம் கட்டணும். மூணு மாசம் அபராதம் கட்டிப் பார்த்துவிட்டு வந்தாங்க. இப்போ டீயும் குடிக்கிறாங்க. மனசு மாறினதா, பத்து ரூபாய் போகுதே என்றா, அது எனக்குத் தேவையில்லை.

மீட் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகலை. லோயிஸ் அம்மாவோடு திருவனந்தபுரத்தில் குடி இருந்தார். திருவிதாங்கூர் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கும் வேலை கொடுத்தது. எந்த அரசாங்கத்துக்கு எதிராக மனு மேல் மனு போட்டாரோ அதே அரசாங்கம் வேலை கொடுத்தது. கூட்டுக்காரங்க கொடுக்கலை.

அவர் அங்கே இருக்கும்போதுதான் தோள்சீலைக் கலகம் மூன்றாவது தடவை வெடித்தது. 1858 கடைசியில் தொடங்கி நாகர்கோவில் பக்கம் வீடுகள், கோயில்கள் எரிந்தது. சென்னை கவர்னர் டிரெவெல்யன் திருவிதாங்கூருக்குக் கண்டிப்பாக எழுதினார். 1859 ஜூலை 26-ல் விளம்பரம் வந்தது. கிறிஸ்தவரோ இந்துவோ, நாடார் பெண்கள் எல்லாரும் குப்பாயம் போடலாம், முக்குவர் பெண்கள் போல முரட்டுத் துணியால் மேலே மூடிக்கலாம். மேல்சாதிப் பெண்கள் போடும் மாதிரி மட்டும் போடக் கூடாது. அந்தக் கடைசி வரியைக் கவனிங்க. மூடிக்கலாம், ஆனால் எங்களைப் போல மூடக் கூடாது. முப்பத்தேழு வருஷம் அடிபட்டுக் கிடைத்ததிலும் ஒரு முடிச்சு. பெண்கள் அந்த வரியை மதிக்கவே இல்லை. அவங்க இஷ்டப்படி உடுத்த ஆரம்பிச்சாங்க, போகப் போக அந்தச் சட்டம் தானாகச் செத்துப் போச்சு.

திருவனந்தபுரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுறேன். நூறு வருஷம் கழித்து, 1959-ல், அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். அவரும் ஒரு சபைப் போதகர். கறுப்பு இனத்தவர் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் விடணும் என்ற சட்டத்தை எதிர்த்து ஊரையே ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடக்க வைத்தவர். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிற தீண்டத்தகாதவர் என்று தலைமை ஆசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதாக அவரே பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கார். முதலில் திடுக்கிட்டாராம், அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான் என்று பட்டதாம். அங்கே நிறம், இங்கே சாதி. லோயிஸ் அம்மா விஷயத்தில் இரண்டும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றது.

மீட் ஐயர் 1873 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவருக்கு எண்பது வயசு. இந்தியாவுக்கு வந்த ஐம்பத்தாறு வருஷத்தில் முதல் பாதிக்கு மேல் ஊரே கொண்டாடும் பாதிரியாராக இருந்தார், மீதி இருபது வருஷம் லோயிஸின் புருஷனாக இருந்தார். எங்க பக்கம் முதல் பாதியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. எனக்கு இரண்டாவது பாதியைச் சொன்னது பாட்டி, ரேந்தைத் திண்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டபடியே.